ஒரே அளவுகோல், பல கைகள்: மாவட்டப் பருவநிலைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் பருவநிலை மாற்ற இயக்கப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆட்சியர்களுக்கும், பருவநிலை அலுவலர்களான மாவட்ட வன அலுவலர்களுக்கும், அவர்களோடு பணியாற்றும் எல்லாத் துறையினருக்கும்,



2021 ஏப்ரல் 17 அன்று, கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் அறிக்கை வெளியானது. பருவநிலை மாற்றத்தால் இந்தியாவின் எந்தெந்த மாநிலங்களும் மாவட்டங்களும் எளிதில் பாதிக்கப்படும் நிலையில் இருக்கின்றன என்பதை ஒரே முறையில் அளந்து பார்த்த தேசிய அளவிலான நலிவு மதிப்பீடு அது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் அன்றைய செயலர் அசுதோஷ் சர்மா அதை வெளியிட்டார். ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பிகார், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய எட்டு மாநிலங்கள் அதிக நலிவுள்ளவை என்று அது சொன்னது. ஆக்சிஜன் உருளைக்காகவும் மருத்துவமனைப் படுக்கைக்காகவும் மக்கள் அலைந்துகொண்டிருந்த அந்த வாரங்களில், எட்டு மாநிலங்களின் பெயர்களைத் தாண்டி அந்த அறிக்கைக்குள் போனவர்கள் குறைவு.

தமிழ்நாடு அந்தப் பட்டியலின் மறுமுனையில் இருந்தது. உத்தராகண்ட், ஹரியானா, கேரளம், நாகாலாந்து, கோவா, மகாராஷ்டிரம் ஆகியவற்றோடு நலிவு குறைந்த மாநிலங்களில் ஒன்றாக அது இடம்பெற்றது. இதைப் படித்து நிம்மதி அடைந்தவர்கள் இருக்கலாம். அந்த நிம்மதி ஏன் போதாது என்பதையும், அந்த அறிக்கை உருவான விதத்தில் மாவட்டக் குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதையும் சொல்லத்தான் இந்த மடல்.

அறிக்கையின் அட்டையில் ஒரு துறையின் பெயரோ ஒரு நிறுவனத்தின் பெயரோ மட்டும் இல்லை. பணத்தையும் ஒருங்கிணைப்பையும் தந்தது அறிவியல் தொழில்நுட்பத் துறை. தோள்கொடுத்தது சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமை. அளவுமுறையை வகுத்துக் கணக்கை முன்னின்று நடத்தியவை ஐஐடி மண்டி, ஐஐடி குவாஹாட்டி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் என்ற மூன்று கல்வி நிறுவனங்கள். ஷ்யாமஸ்ரீ தாஸ்குப்தா, அனாமிகா பருவா, என்.எச்.ரவீந்திரநாத் போன்ற ஆய்வாளர்கள் இதற்குப் பின்னால் இருந்தார்கள். இவர்களோடு 24 மாநிலங்களையும் 2 ஒன்றியப் பகுதிகளையும் சேர்ந்த 94 பிரதிநிதிகள் பயிலரங்குகளில் உட்கார்ந்து, தங்கள் மாவட்டங்களுக்கான மதிப்பீட்டில் பங்கெடுத்தார்கள்.

இந்த 94 பேரும் அவரவர் மாநிலங்களின் சார்பில் வந்தவர்கள். பருவநிலை மதிப்பீடு என்றால் தலைநகரில் இருக்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஆறு மாதம் கழித்து வண்ணப்படங்களோடு ஓர் அறிக்கையை வாங்கி அலமாரியில் வைப்பது என்றொரு வழக்கம் உண்டு. அப்படி வரும் அறிக்கையின் கணக்கை யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்ல அந்த மாநிலத்தில் ஆள் இருக்க மாட்டார். தானே கூட்டிக் கழித்துப் பார்த்த அலுவலருக்கோ எந்த எண் எங்கிருந்து வந்தது, எது பழையது, எது சந்தேகத்துக்குரியது என்பதெல்லாம் தெரியும். 2021 மதிப்பீட்டின் உண்மையான வலு இதுதான்.

இந்த இடத்துக்கு வந்துசேர நாடு பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2008இல் பருவநிலை மாற்றத்துக்கான தேசிய செயல்திட்டம் எட்டு இயக்கங்களோடு அறிவிக்கப்பட்டது. 2010இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 120க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளர்களின் வலைப்பின்னலைக் கொண்டு இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, கடலோரம், வடகிழக்கு ஆகிய நான்கு பகுதிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2013இல் ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 572 ஊரக மாவட்டங்களுக்கு, வேளாண்மையின் நலிவைக் காட்டும் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. இதற்கிடையே மாநிலங்களும் தத்தம் செயல்திட்டங்களை எழுதின. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றியது. ஒரு மாநிலம் மழையளவை நலிவுக்குள் சேர்த்தது, இன்னொன்று சேர்க்கவில்லை. ஒரு மாநிலத்தின் ‘அதிக நலிவு’ பக்கத்து மாநிலத்தில் ‘நடுத்தரம்’ ஆனது. நிதியை எங்கே முதலில் அனுப்புவது என்ற கேள்விக்கு இந்த ஆவணங்களை அடுக்கிவைத்து விடை தேட முடியாது.

ஆகவே முதலில் இமயமலைப் பகுதியின் 12 மாநிலங்களில் பொது அளவுமுறை சோதிக்கப்பட்டது. அசாமும் மிசோரமும் அங்கே முன்வரிசையில் வந்தன. மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய அருகருகே நின்றன. காரணங்களோ வேறுவேறு. அசாமில் பாசன வசதி குறைவு, தனிநபர் வருமானம் குறைவு, ஊரகக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் காட்டுப் பரப்பு குறைவு. மிசோரத்தில் காட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு அடர்த்தியற்ற காடு, நிலம் செங்குத்தான சரிவு, விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது, பயிர்க் காப்பீடு எட்டவில்லை. ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே மருந்து கொடுத்தால் இரண்டில் ஒரு மாநிலத்துக்கு அது பயன்படாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிரித்துச் சொல்ல அந்தந்த மண்ணை அறிந்தவர்கள் மேசையில் இருந்தாக வேண்டும்.

அந்த அனுபவத்தைக் கொண்டுதான் நாடு முழுவதற்குமான மதிப்பீடு எழுந்தது. மாநிலங்களுக்கு 14 சுட்டிகள் தேர்வாயின. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போரின் பங்கு, இயற்கை வளங்களிலிருந்து வரும் வருமானம், சிறு குறு உழவர்களின் விகிதம், மானாவாரி நிலப்பரப்பு, உணவு தானிய விளைச்சலின் ஏற்ற இறக்கம், தோட்டக்கலையின் பங்கு, பயிர்க் காப்பீடு, ஊரகத்தில் ஆயிரம் பேருக்கு எவ்வளவு காடு, நூறு நாள் வேலைத் திட்டம் எப்படி நடக்கிறது, உழைப்பில் பெண்களின் பங்கேற்பு, சாலை ரயில் அடர்த்தி, சுகாதாரப் பணியாளர்களின் அடர்த்தி, கொசு போன்றவற்றால் பரவும் நோய்கள், நீரால் பரவும் நோய்கள். மழைமானியும் வெப்பமானியும் இந்தப் பட்டியலில் இல்லை. இது வானத்தைப் பற்றிய கணக்கு அல்ல, தரையில் வாழும் மனிதர்களின் நிலையைப் பற்றிய கணக்கு.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? விளைச்சலை மட்டும் எடுத்துக்கொள்வோம். நெல் அறுவடைக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். எந்த வயல், வயலின் எந்த மூலை என்பது சமவாய்ப்பு எண்களால் முடிவாகும். நன்றாக விளைந்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அலுவலருக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். உள்ளே நிற்கும் கதிர்களை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதுவார்கள். ஈரப்பதத்தைக் கழிக்க ஒரு பகுதியைத் தனியே காயவைத்து மறுபடி எடை பார்ப்பதும் உண்டு. வயல்காரர் வரப்பில் நின்று தராசையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வரவேண்டிய காப்பீட்டு இழப்பீடும் அந்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொறுத்தது. நாடெங்கும் லட்சக்கணக்கான வயல்களில் ஆண்டுதோறும் போடப்படும் இந்த எடைகள்தான் மேலே மேலே தொகுக்கப்பட்டு, ‘விளைச்சலின் ஏற்ற இறக்கம்’ என்ற ஒற்றை எண்ணாக ஆய்வாளரின் கணினிக்கு வந்துசேர்கின்றன.

காய்ச்சல் கணக்கும் அப்படித்தான். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரும், ரத்த மாதிரியைப் பரிசோதிக்கும் ஆய்வக நுட்புநரும் எழுதிய எண்களே மலேரியா, டெங்கு சுட்டியின் அடித்தளம். சாகுபடிப் பரப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். காட்டுக்கு டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களும் வனப் பணியாளர்களின் களச் சரிபார்ப்பும். அறிக்கையின் அட்டையில் இவர்களில் யாருடைய பெயரும் இருக்காது. ஆனால் இவர்களில் ஒருவர் அசட்டையாக எழுதினாலும் ஐஐடியில் எவ்வளவு நேர்த்தியாகக் கணக்குப் போட்டாலும் விடை தவறாகத்தான் வரும்.

வந்த எண்களை ஒன்றோடொன்று கூட்ட முடியாது. ஒன்று ஹெக்டேர், ஒன்று சதவீதம், ஒன்று ஆள் எண்ணிக்கை. எனவே எல்லாவற்றையும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே கொண்டுவருகிறார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு மாநிலத்தின் மாவட்டங்களில் மானாவாரிப் பரப்பு குறைந்தது 15 சதவீதம், அதிகபட்சம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் மானாவாரி உள்ள மாவட்டத்தின் மதிப்பு, 80இலிருந்து 15ஐக் கழித்து, வரும் 65ஐ, 95க்கும் 15க்கும் உள்ள வித்தியாசமான 80ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.81. மருத்துவர் எண்ணிக்கை போன்ற சுட்டிகளில் கணக்கைத் திருப்பிப்போட வேண்டும். அங்கே எண் கூடினால் நலிவு குறையும். பிறகு எல்லாச் சுட்டிகளின் சராசரி. பிளஸ் டூ மாணவர் போட்டுவிடக்கூடிய கணக்குதான் இது. கடினமான பகுதி வேறு: எந்தச் சுட்டியைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற முடிவுகள். அவற்றை ஒருவர் தனியாக எடுத்தால் அவருடைய துறைச் சாய்வு அதில் ஏறிவிடும். பலர் கூடி விவாதித்து எடுத்தால் அந்தச் சாய்வு குறையும்.

இனித் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ‘குறைவு’ என்ற முத்திரைக்கு வருவோம்.

ஐபிசிசி எனப்படும் அரசுகளுக்கிடையிலான பருவநிலை மாற்றக் குழு, 2014இல் நிறைவடைந்த ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையில் ஆபத்தை மூன்றாகப் பிரித்தது: புயல், வெள்ளம், வறட்சி போன்ற இடர், அந்த இடரின் பாதையில் இருக்கும் மக்களும் சொத்துகளும், அவர்களுடைய நலிவு. 2021 அறிக்கை மூன்றாவதை மட்டும் அளந்தது. புயல் எத்தனை முறை வரும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்த அளவில்தான் தமிழ்நாட்டின் மதிப்பெண் குறைந்தது. இதில் பல பத்தாண்டுகளின் மக்கள் நலத் திட்டங்களுக்குப் பங்கு உண்டு, பெருமைப்படலாம். ஆனால் அந்த எண், தமிழ்நாட்டுக்கு ஆபத்து குறைவு என்று எங்கும் சொல்லவில்லை. நலிவு குறைந்ததாகத் தெரியும் இடங்களும் நலிவு அற்றவை அல்ல. வரிசை என்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் போடுவது மட்டுமே.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். இவை எதுவும் ‘நலிவு குறைந்த மாநிலம்’ என்ற வரிக்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த அடியை ஐஐடி குவாஹாட்டியும் ஐஐடி மண்டியும் 2024இல் எடுத்துவைத்தன. பெங்களூரைச் சேர்ந்த அறிவியல், தொழில்நுட்ப, கொள்கை ஆய்வு மையமும் சேர்ந்துகொள்ள, 698 மாவட்டங்களுக்கு வெள்ள, வறட்சி ஆபத்து மதிப்பீடு அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 51 மாவட்டங்கள் மிக அதிக வெள்ள ஆபத்திலும், 91 மாவட்டங்கள் மிக அதிக வறட்சி ஆபத்திலும் இருப்பதாக அது கண்டது. வெள்ளம், வறட்சி இரண்டிலும் மிக அதிக ஆபத்தில் இருப்பவை 11 மாவட்டங்கள். பாட்னா, கேந்திரபாரா, முர்ஷிதாபாத் ஆகியவற்றோடு அந்தப் பதினொன்றில் கேரளத்தின் ஆலப்புழாவும் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டோடு நலிவு குறைந்த வரிசையில் நின்ற அதே கேரளம். மாநிலச் சராசரிக்குள் ஒரு மாவட்டம் எவ்வளவு எளிதாக மறைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாவட்டச் சராசரிக்குள்ளும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. மயிலாடுதுறை 2020இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய புள்ளிவிவரத்தில் மயிலாடுதுறை என்று ஒரு மாவட்டமே கிடையாது. காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி, கடலோர மீனவ ஊர்கள், உவர்நீர் ஏறும் நிலங்கள் எல்லாம் சேர்ந்த அந்த மாவட்டத்தின் பழைய எண்களை நாகப்பட்டினத்தின் எண்களிலிருந்து தாலுகா தாலுகாவாகப் பிரித்தெடுக்க வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், ‘ஆயிரம் பேருக்கு இத்தனை’ என்று வரும் எந்தச் சுட்டியும் பழைய தலைக்கணக்கை நம்பித்தான் நிற்கிறது. இந்தச் சிக்கலை தில்லியோ குவாஹாட்டியோ தீர்த்துவைக்க முடியாது. தாலுகா ஆவணங்களைப் புரட்டத் தெரிந்த மாவட்டப் புள்ளியியல் அலுவலகம்தான் தீர்க்க முடியும்.

சுட்டிகளிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு குறை உண்டு. தேசியச் சுட்டிகள் பெரும்பாலும் உழவையும் ஊரகத்தையும் மையமாகக் கொண்டவை. நாடு முழுமைக்கும் அது சரிதான். ஆனால் 2011 கணக்கின்படியே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். கரையோரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. மானாவாரிப் பரப்பு என்ற சுட்டி, வெயிலில் உப்பு வாரும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியைப் பற்றி எதுவும் சொல்லாது. பயிர்க் காப்பீடு என்ற சுட்டி, புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாமல் வருமானம் இழந்த நாட்டுப்படகு மீனவரைக் காணாது. தகரக்கூரையின் கீழ் மே மாதத்தைக் கடத்தும் வடசென்னைக் குடும்பத்தை ஆயிரம் பேருக்கான காட்டுப் பரப்பைக் கொண்டு அளக்க முடியாது. தேசிய அளவுமுறையே மாவட்டங்களுக்கு ஏற்பச் சுட்டிகளைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அந்த இடத்தை நிரப்புவது இனி மாவட்டக் குழுக்களின் வேலை.

அதனால் உங்கள் முன் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, மதிப்பீட்டை மாவட்டத்தோடு நிறுத்தாமல் மாநிலத்தின் 388 ஊராட்சி ஒன்றியங்களுக்கும், அவற்றுக்கு வெளியே நிற்கும் நகர்ப்பகுதிகளுக்கும் கொண்டுபோங்கள். ஆனால் 38 மாவட்டங்களும் 38 முறைகளில் செய்தால் 2008க்குப் பிந்தைய பழைய குழப்பத்துக்கே திரும்புவோம். எல்லோருக்கும் பொதுவான சுட்டிகள் ஒரு தொகுதி, மாவட்டத்துக்கே உரியவை சில என்று முதலிலேயே கூடி முடிவுசெய்யுங்கள்.

இரண்டாவதாக, இதை வெளியாரிடம் முழுதாக ஒப்படைக்காதீர்கள். அருகில் இருக்கும் பல்கலைக்கழகத்தையும் வேளாண் கல்லூரியையும் துணைக்கு அழையுங்கள். முறையை அவர்கள் கற்றுத்தரட்டும். கணக்கைப் புள்ளியியல், வேளாண்மை, சுகாதாரம், மீன்வளம், ஊரக வளர்ச்சித் துறைகளின் அலுவலர்கள் தங்கள் கையாலேயே போடட்டும். 24 மாநிலங்களின் அலுவலர்களால் முடிந்தது இங்கும் முடியும்.

மூன்றாவதாக, எண்களை எழுதியவர்களை மேசைக்கு அழையுங்கள். கிராம நிர்வாக அலுவலர், சுகாதாரச் செவிலியர், வேளாண் உதவி அலுவலர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார், ஊரக வேலைத் திட்டத்தின் பணித்தளப் பொறுப்பாளர் ஆகியோரிடம் வரைபடத்தை விரித்துவைத்து, ‘உங்கள் ஊருக்கு இது பொருந்துகிறதா’ என்று கேளுங்கள். பொருந்தவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் அறிக்கையில் பதிவுசெய்யுங்கள்.

நான்காவதாக, முடிவுகளை மட்டுமல்லாமல் கணக்குத் தாள்களையும் தமிழில் பொதுவில் வையுங்கள். எந்தச் சுட்டி, எந்த ஆண்டின் தரவு, எங்கிருந்து எடுத்தது என்பது ஊராட்சித் தலைவருக்கும் கல்லூரி மாணவருக்கும் தெரிய வேண்டும். கிராம சபையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும் அளவுக்கு அது எளிய தமிழில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, இதை ஒருமுறைச் சடங்காக முடித்துவிடாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பச் செய்யுங்கள். ஒரு ஒன்றியத்தில் குளங்களைத் தூர்வாரியும் காப்பீட்டை விரிவாக்கியும் செலவிட்ட பணம் நலிவைக் குறைத்ததா என்பதை இரண்டாவது கணக்கு வந்தால்தான் சொல்ல முடியும். ஆட்சியர் மாறுவார், வன அலுவலர் மாறுவார். தாளும் முறையும் அலுவலகத்தில் இருந்தால் அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தேசிய மதிப்பீட்டுக்கு இரண்டு அரசுகளின் ஆதரவும், மூன்று கல்வி நிறுவனங்களின் உழைப்பும், இருபத்தாறு நிர்வாகங்களின் ஒத்துழைப்பும் தேவைப்பட்டன. ஒரு மாவட்டத்துக்குத் தேவைப்படுவது அவ்வளவு பெரிதல்ல. ஒரே ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ பக்கத்துத் தெருக்களிலோ இருக்கும் ஏழெட்டுத் துறைகள் தங்கள் பதிவேடுகளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆய்வுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள்; முதல் கூட்டத்திலேயே பொதுச் சுட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

நம்பிக்கையுடன்,
இந்த மாநிலத்தின் குடிமக்களில் ஒருவர்